நான் கேட்டது இலோய்லோவின் சரித்திரமா?

ராயபுரம்,
14-10-1953.

கர்த்தருக்குள் அன்பான மருமகப்பிள்ளை வேதமாணிக்கம் அவர்களுக்கு, மாமனார் ராசையா எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், உங்கள் மாமியார் தேவப்பிரியமும், உங்கள் மனைவி தங்கபுஷ்பமும், நீங்கள் இன்னும் கண்ணால் பார்க்காத உங்கள் பெண் குழந்தையும் ஆண்டவர் கிருபையால் சுகம். அவ்விடத்துச் சுகத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. அதைத்தான் ஒன்பது பக்கம் எழுதிவிட்டீர்களே. பிலிப்பைன் தேசத்து இலோய்லோ பட்டணம் நானூறு வருஷமாக யார் யாரிடம் அடி வாங்கியது, எப்படிப் பிழைத்து எழுந்தது, இப்போது எந்த நிலைமையில் இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மனப்பாடம் ஆகாத விஷயம் ஒன்றே ஒன்றுதான், அதை நீங்கள் எழுதவில்லை.

நான் என்ன கேட்டேன்? ஜூன் மாதம் குழந்தை பிறந்ததும் ஒரு கடிதம் போட்டேன். கப்பலின் எஞ்சின் பழுதாகி இலோய்லோவில் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இன்னொன்று போட்டேன். ஆகஸ்டில் மூன்றாவது. மூன்றிலும் ஒரே கேள்வி: குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், தகப்பன் எப்போது வருகிறான்? இதற்கு ஒரு தேதி போதும். தேதி தெரியாவிட்டால் மாதம் போதும். அதற்குத் தாங்கள் அனுப்பிய பதிலில் தேதிகளுக்குக் குறைவில்லை. 1566-இல் ஸ்பெயின்காரன் அந்தப் பக்கம் குடியேறினான். 1855-இல் துறைமுகத்தை வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1937-இல் நகரம் என்று பட்டயம் கொடுத்தார்கள். வருஷம் வருஷமாக எழுதிக்கொண்டு வந்தவருக்கு 1953 மட்டும் கண்ணில் படவில்லையா? கோபத்தில் 'நீ' என்று எழுத வருகிறது. இரண்டு இடத்தில் எழுதியும் விட்டேன், அடித்துத் 'தாங்கள்' என்று திருத்தியிருக்கிறேன், கவனிக்கவும்.

நம் கடை வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? யுத்த காலத்திலிருந்தே, ஒரு வீட்டுக் கடிதத்தில் நாலு வீட்டுச் சேதி இருக்குமென்று, கப்பலுக்குப் போனவர்களின் கடிதங்களையெல்லாம் நம் கயிற்றுக் கடை விலாசத்துக்கே வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தெரு கூடியபிறகுதான் உறையைப் பிரிக்கிறோம். உள்ளே பெண்சாதிக்கென்று தனியாக மடித்த தாள் இருந்தால் அதைப் பிரிக்காமல் அவள் கையில் கொடுத்துவிட வேண்டும், அதில் என்ன இருக்கிறதென்று ஒருத்தரும் கேட்கக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவனே நான்தான். அதன்படி செப்டம்பர் இருபதாம் தேதி உங்கள் உறையைப் பிரித்து, மடித்த தாளைத் தங்கபுஷ்பத்திடம் கொடுத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, முப்பது பேருக்கு நடுவில் நின்று வாசித்தேன். 'இந்த ஊர் ஒரு ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்துள்ளது' என்று ஆரம்பம். சரி, மரியாதைக்கு ஒரு வரி ஊரைப் பற்றி எழுதியிருக்கிறார், அடுத்த வரியில் விஷயத்துக்கு வருவார் என்று நினைத்தேன். டச்சுக்காரன் வந்தான். அவனுக்குப் பயந்து கோட்டை கட்டினார்கள். மூன்றாம் பக்கத்தில் கரும்பு போட்டார்கள். நான் வாசித்துக்கொண்டே ஓரக்கண்ணால் அடுத்த பக்கத்தில் எங்கேயாவது 'வருகிறேன்' என்று இருக்கிறதா பார்க்கிறேன், அமெரிக்காக்காரன்தான் வருகிறான்!

நாலாம் பக்கம்தான் என் மானத்தை வாங்கியது. அந்த ஊர்ப் பெண்கள் அன்னாசி நாரை எடுத்துப் பனி போல மெல்லிய துணி நெய்வார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். போதாததற்கு, மோலோ என்ற பேட்டையில் ஒரு கோயில், அதற்குள் வரிசையாக நிற்கும் சிலைகள் எல்லாம் பெண் புனிதர்கள், ஆண் ஒருவர்கூட இல்லையாம். வாசலில் குழந்தையோடு நின்ற உங்கள் மாமியார், "ஏங்க, கோயில் பூராவும் பொம்பளையளா? இவரு அங்க என்னத்துக்குப் போனாரு?" என்று கேட்டுவிட்டாள். கூட்டம் சிரித்தது. உப்புக்கண்டக் கடை கமால் பாய் மட்டும் சிரிக்காமல், சீமைத் துணி வந்து அந்த ஊர்த் தறிகள் படுத்துப்போன இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். "நம்ம வண்ணார்பேட்டை தறிக்கு ஆன கதிதான் அங்கியும் ஆயிகீது, பாத்தியா" என்று பெருமூச்சு விட்டார். கடைசிப் பக்கத்தில் ஹாரோ என்னும் இடத்து மணிக்கூண்டு. கோயில் தெருவுக்கு இந்தப் பக்கமாம், மணிக்கூண்டு அந்தப் பக்கமாம், ஐந்து வருஷத்துக்கு முன்னால் பூகம்பத்தில் இடிந்ததாம். அத்தோடு கடிதம் முடிந்தது. நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளை. டோரதிகூட வாயைத் திறந்து, "கோயிலு இங்க, மணி அங்கன்னா, மழ வந்தா மணியடிக்கிறவன் நனைஞ்சிகினேதான் போவானா அண்ணாச்சி?" என்று கேட்டுச் சிரித்தாள். பதினோரு வருஷமாக ஒரு கடிதம் விடாமல் வந்து, தூண் பக்கத்தில் கயிற்றுச் சுருளை ஒட்டி நின்று கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போகிறவள் அவள். அவள் சிரிக்கும்படி ஆகிவிட்டது என் குடும்பம்.

அன்றைக்குப் பிடித்தது பீடை. மறுநாள் காலையில் கமால் பாய் கடைக்கு வந்து, "இன்னா அண்ணாச்சி, மாப்ள வர்றானா இல்லியா? ஊரு மட்டும் வந்துகினே கீது" என்றார். நான் பதில் சொல்வதற்குள் ரயில்வே ஸ்டேஷன் டிக்கெட் குமாஸ்தா தாமோதரன் வந்துவிட்டான். அவன்தான் நம் தெருப் படிப்பகத்துக்குக் காரியதரிசி, தெரியுமல்லவா? அவனுக்கு 1855-தான் வயிற்றெரிச்சல். "நம்ம ஸ்டேஷன் தொறந்தது அம்பத்தாறு. இலோய்லோக்காரன் ஒரு வருஷம் முந்திக்கினானே அண்ணாச்சி" என்று, ஏதோ நான்தான் அங்கே போய்த் துறைமுகத்தைத் திறந்துவிட்டு வந்த மாதிரி சண்டைக்கு வருகிறான். துறைமுகம் வேறு, ஸ்டேஷன் வேறு, இரண்டுக்கும் என்னடா போட்டி என்றேன். அதைக் கேட்டதும் அவனுக்கு என்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை படிப்பகத்தில் கூட்டம் போட்டு, 'இலோய்லோ நகரமும் அதன் வரலாறும், சொற்பொழிவாளர் திரு. ராசையா அவர்கள்' என்று தட்டி எழுதி, காசிமேடு போகிற முனையில் கட்டிவிட்டான். என்னைக் கேட்கவே இல்லை.

மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். ஆனால் மாட்டேன் என்றால், 'மாப்பிள்ளை விட்டுப் போனதில் மனுஷன் இடிந்துவிட்டான்' என்று தெரு பேசும். அதனால் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போய், உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினேன். மாலை போட்டார்கள். ஸ்பெயின்காரன் மணிலாவை விட்டுவிட்டு இலோய்லோவைக் கடைசித் தலைநகராக வைத்துக்கொண்ட கட்டத்தில் கைதட்டல். அவனும் போனபின் அமெரிக்கப் பட்டாளம் வந்தபோது ஊர் தீப்பற்றி எரிந்த கட்டத்தில் எனக்கே கண் கலங்கியது, கடிதம் எழுதத் தெரியாத மாப்பிள்ளைக்கு இதை மட்டும் எழுதத் தெரிந்திருக்கிறதே என்று. முடிவில் சந்தேகம் கேட்கலாம் என்றார்கள். பின் வரிசையிலிருந்து எவனோ ஒருவன், "எல்லாம் சர்தான் அண்ணாச்சி, உங்க வூட்டு மாப்ள அங்கியே குடியேறிட்டாரா?" என்றான். ஜப்பான்காரன் காலத்து விஷயத்துக்கே பதில் வைத்திருந்தவன் நான். இதைக் கேட்டதும் மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வாரம் சபைப் போதகர் ஐயர் நம் வீட்டுக்கு வந்தார். "ராசையா, பிள்ளைக்கு நாலு மாசம் ஆச்சு, ஞானஸ்நானப் பதிவில் எழுதி வைக்கிறேன், பிறந்த வருஷம் மாசம் சொல்லும்" என்று நோட்டைத் திறந்தார். எனக்கு எங்கேயோ ஞாபகம். "ஆயிரத்தைந்நூற்று அறுபத்தாறு" என்றேன். அவரும் வயதானவர், கேட்டதை எழுதுகிறவர், '156' வரை எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார். சபையின் பதிவு நோட்டில் உங்கள் மகள் வரிசையில் இப்போது ஒரு அடித்தல் இருக்கிறது. அது அழியாத மை. அந்த அடித்தல் உங்களைச் சேரும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். தங்கபுஷ்பத்தைப் பார்த்தால்தான் பொறுக்கவில்லை. என் மகள் அழவில்லை. கண்ணைக் கசக்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அந்த மடித்த தாளை எடுத்துப் பார்க்கிறாள், சிரிக்கிறாள், குழந்தைக்கு வெள்ளைச் சட்டை தைக்கிறாள், அதில் சரிகை வேறு வைக்கிறாள். புருஷன் சரித்திரம் எழுதிவிட்டு ஓடிவிட்டான், இவள் சரிகை வைக்கிறாளே, மூளை கலங்கிவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கலாமென்றால் சட்டம் நான் போட்டது. உங்கள் மாமியாரோ அன்றிலிருந்து என்னிடம் வாயைத் திறப்பதே இல்லை. நான் உங்கள் பேச்சை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், தோள் குலுங்குகிறது. அவ்வளவு துக்கம்.

மாப்பிள்ளை, வெளிப்படையாகவே எழுதுகிறேன். நான் பயந்துபோயிருக்கிறேன். டோரதியின் புருஷன் நாற்பத்திரண்டாம் வருஷம் கப்பலேறிப் போனான். செத்தான் என்று ஒரு காகிதம் வரவில்லை, இருக்கிறான் என்றும் வரவில்லை. அந்தப் பெண் இன்றைக்கும் யார் கடிதம் வந்தாலும் வந்து நிற்கிறாள். தூணின் அந்தப் பக்கத்தில் இன்னும் ஓர் ஆள் நிற்க இடம் இருக்கிறது. அந்த இடத்தில் என் மகளை நிறுத்திப் பார்க்கிற தெம்பு எனக்கில்லை.

ஆகவே இது கடைசிக் கடிதம். இது கிடைத்த தபாலிலேயே தேதி எழுதாவிட்டால் குழந்தைக்கு நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவேன். பெயரும் நானே வைப்பேன். அது உங்கள் தாயார் பெயராக இருக்காது. உங்கள் கடிதத்தை இனிமேல் என் கடையில் வாசிக்க மாட்டேன், அந்த ஒன்பது பக்கத்தில் தார் டப்பாவைத் துடைப்பேன். மரப்பெட்டியில் நீங்கள் விட்டுப்போன இரண்டு சட்டையையும் கமால் பாய் கடைக்குத் துடைக்கிற துணியாகக் கொடுத்துவிடுவேன்.

எங்கேயிருந்தாலும் கர்த்தர் உங்களைக் காப்பாராக. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், வெயிலில் அலைய வேண்டாம். கப்பல் சகோதரர்களுக்கு என் தோத்திரம்.

இப்படிக்கு,
மிகுந்த மனவருத்தத்துடன்,
ரா. ராசையா.

பின்குறிப்பு: மேலே உள்ளதில் ஞானஸ்நானம், பெயர், தார் டப்பா, சட்டை ஆகிய வரிகளைத் தாங்களே அங்கே அடித்துக்கொள்ளவும். நான் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதுகிறவன் அல்லவா, தெரு முனை வரை கேட்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது தங்கபுஷ்பம் அடுப்படியிலிருந்து வந்து, "தபாலில் போட்டுடாதீங்கப்பா" என்று அந்த மடித்த தாளைக் கொண்டுவந்தாள். சட்டம் இருக்கிறது, நான் வாங்கவில்லை. அவளே மேலும் கீழும் கையால் மறைத்துக்கொண்டு நடுவில் ஏழெட்டு வரியை மட்டும் வாசித்தாள். நவம்பர் கடைசியில் கப்பல் புறப்படுகிறது, கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ராயபுரத்தில் இருப்பேன், பிள்ளையை நானே கையில் ஏந்திக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, 'இதை மாமாவிடம் இப்போது சொல்லாதே, மாமாவிடம் சொல்வது கடையில் வாசிப்பதுபோலத்தான். டோரதியக்கா தூணோரம் நிற்பார்கள். வருகிறேன் என்ற வரியை எந்த வீட்டுக் கடிதத்தில் வாசித்தாலும் அவர்கள் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன். அதனால் மாமா வாசிக்கிற கடிதத்தில் இந்த ஊரைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறேன், ஊர் யாரையும் விட்டுப் போகாது' என்று இருக்கிறது. பதினோரு வருஷமாக நான்தான் அந்தக் கூட்டத்துக்கு எதிரில் நின்று வாசிக்கிறேன். நான் தாளைப் பார்த்துத்தான் வாசித்திருக்கிறேன். முகத்தைப் பார்த்ததில்லை.

உங்கள் மாமியாருக்கு அன்றைக்கே தெரியுமாம். துக்கம் என்று நான் நினைத்தது சிரிப்பை அடக்கினதாம். அவளிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைத் திரும்ப எழுத எனக்குப் பொறுமை இல்லை, கோபம் இல்லாமல் எழுதவும் எனக்கு வராது, ஆகையால் அப்படியே அனுப்புகிறேன். வருகிற தேதியைக் கடைக் கடிதத்தில் எழுத வேண்டாம், மடித்த தாளிலேயே எழுதவும். கடைக் கடிதத்துக்கு இன்னும் ஒரு ஒன்பது பக்கம் வேண்டும், உடனே அனுப்பவும். அந்த இடிந்த மணிக்கூண்டைத் திரும்பக் கட்டினார்களா, மணி என்ன ஆயிற்று என்று மூன்று ஞாயிறாக டோரதி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.