நோட்டீஸ் கொடுத்த சிநேகிதி

ஒரு கோரிக்கை வந்தால் அதை மறுக்க, பெறுபவருக்கு உரிமை உண்டு. மறுப்பை எழுத்தில் தர வேண்டும். மற்ற தொடர்புகள் அதனால் பாதிக்கப்படக் கூடாது. ஓய்வு பெறும்வரை எத்தனையோ கோப்புகளில் இதை எழுதியிருக்கிறேன். பிள்ளைகளின் சிநேகிதத்துக்கும் இந்த விதி பொருந்தும் என்று கண்டுபிடித்தவள் உலகத்திலேயே ஒருத்திதான்: மலாய் நாட்டில், காஜா பேராங் வட்டாரத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த, நோட்டீஸ் என்று எல்லோரும் கூப்பிட்ட பத்து வயதுப் பெண்.

அவள் அப்பா கோர்ட் வாசலில் மனு எழுதுபவர். அவருடைய நீளத்தாளும் ரப்பர் முத்திரையும்தான் அவளுக்குப் பொம்மைகள். 'சடையை இழுத்தால் அன்று முழுவதும் பேச்சில்லை. மறுநாள் வழக்கம்போல் வரலாம்' என்று வகுப்புத் தோழிக்கு ஒரு நோட்டீஸ். கன்னத்தைக் கிள்ளுமுன் அனுமதி கேட்கும்படி, செமாபோக் ஊரில் இருந்த அத்தைக்கு இன்னொன்று. முத்திரையைப் பார்த்த அத்தை, அடுத்த முறை வாசலிலேயே நின்று கேட்டாராம்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் அது. நாட்டுக்குத்தான், எனக்கு இல்லை. எனக்கு இருந்த ஒரே நண்பன் மணியம், பக்கத்துக் கிராமமான கம்போங் சிட்டிப் பையன், என்னைவிட ஒரு தலை உயரம். ஆற்றின் குறுக்கே போகும் தண்ணீர்க் குழாய்மேல் நடந்து அக்கரைக்குப் போகலாம் என்றான். எனக்கு நீச்சல் தெரியாது. தயங்கினால், நீ என் காவான் இல்லையா, நண்பன் இல்லையா என்று மலாயில் கேட்பான். போனால் ஆறு, போகாவிட்டால் நண்பன் இல்லை.

நோட்டீஸிடம் சொன்னேன்.

"வாயால சொன்னா அழுதுருவ நீ. எழுதிக் குடுத்துரு."

அவளே எழுதினாள்: 'குழாய்மேல் நடக்க மாட்டேன். கோலி விளையாட எப்போதும் வருவேன். பதில் தேவை.' முத்திரையும் குத்தினாள். தாளை மணியத்தின் கையில் திணித்துவிட்டு ஓடி வந்தேன்.

சிட்டிக்காரர்கள் தமிழ் வம்சம்தான், ஆனால் தலைமுறைகளாக அவர்கள் வீடுகளில் பேச்சு மலாய். மணியத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது, விதிகளில் கரைகண்ட எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை.

ஒரு வாரம் அவனைக் காணவில்லை. என்னை ஆற்றில் தூக்கிப்போட ஆள் சேர்க்கிறான் என்று முடிவு செய்தேன். பள்ளிக்குச் சுற்றுவழியில் போனேன். நோட்டீஸும் கூடவே வந்தாள்.

"பதில் வந்துச்சாடா?"

"இன்னும் இல்ல லா."

மணியம் வீட்டில் நடந்தது பின்னால்தான் தெரிந்தது. முத்திரையைப் பார்த்துக் கோர்ட் சம்மன் என்று வீடே நடுங்கியிருக்கிறது. மணியம் கட்டிலுக்கடியில். அவன் அப்பா கோட்டு மாட்டிக்கொண்டு தாளைக் கோயில் குருக்களிடம் எடுத்துப்போக, அவர்தான் வாசித்து மலாயில் சொல்லியிருக்கிறார்.

ஒரு காலை மணியம் எங்கள் வாசலுக்கு வந்து, நாலாக மடித்த தாள் ஒன்றை நீட்டினான். மலாயில் இரண்டே வரி. நோட்டீஸுக்குத் தமிழில் சொன்னேன்: 'எனக்கும் அந்தக் குழாய் பயம். நீ மறுத்தால் நல்லது என்று இருந்தேன்.'

நோட்டீஸ் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"நான் எழுதிக் குடுத்ததால உனக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயந்துட்டேன்டா."

மணியத்தின் அந்தப் பதில் தாள் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதன் மூலையில், ஈரம் பட்டு மை கலைந்த அவள் கையெழுத்து: பதில் கிடைத்த நாள், மெர்டேக்காவுக்கு மறுநாள்.