அறுகரிசிக்கு ஓர் ஆபிரிக்கப் பாட்டு

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் எந்தத் தமிழருக்கும் கலியாணம் செய்து வைத்தது ஐயர் அல்ல, சூம் அண்ணைதான். வீடியோக் கமராவை மூக்குத்திவரை ‘சூம்’ பண்ணிப் படம் பிடித்ததால் அந்தப் பெயர். என் கலியாணத்தில், “தம்பி, தாலி முடிச்சு வடிவா விழேல்லை, திரும்ப ஒருக்கால் கட்டும்” என்றார். ஐயரே குழம்பிப்போனார்.

கலியாண வீடியோக் கசெட் வந்தபோது குழப்பம் கூடியது. சனம் வரிசையில் வந்து அறுகரிசி தூவி வாழ்த்தும் இடத்தில் நாதஸ்வரத்தைக் காணோம். ட்ரம்ஸ் அதிர, ட்ரம்பெட் முழங்க, யாரோ ஒருவர் விளங்காத மொழியில் பாடுகிறார்.

“உது எந்த ஊர் மேளம்?” என்றார் மாமியார்.

“அன்ரி, எங்கட பாட்டெல்லாம் நாலு நிமிசத்திலை முடிஞ்சிடும், லைன் முடியாது. உது கால் மணித்தியாலம் நிக்காமல் போகும்” என்றார் சூம் அண்ணை.

பழைய சாமான் கடையில் அட்டை இல்லாமல் எடுத்த பாட்டுக் கசெட்டாம். எல்லாக் கலியாணத்துக்கும் அதைத்தான் போட்டிருந்தார்.

இரண்டு வருடம் கழித்து, அஜின்கோர்ட் பெட்டித் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த நைஜீரியாக்காரர் டுண்டே, மகளோடு சாப்பிட வந்தார். வீட்டுக்கு வந்தவரைக் கலியாண வீடியோ காட்டாமல் எந்தத் தமிழன் விட்டான்? அறுகரிசி தொடங்கியதும் மனிதர் துள்ளி எழுந்தார்.

“அது நான்! நான் பாடியது!”

ஆஃப்ரோபீட் என்று அந்த இசைக்குப் பெயராம். கனடாவுக்கு வந்த புதிதில் பதிவு செய்தாராம், வாங்க ஆளில்லை. மிஞ்சிய பிரதிகளும் பேஸ்மென்டில் தண்ணீர் ஏறி அழிந்துவிட்டன. அப்பா பாடகர் என்பதை மகள் நம்பியதே இல்லை. எங்கள் கசெட்டிலோ பாதிப் பாட்டுக்கு மேல் என் மாமா வாழ்த்துரை வாசிக்கிறார். அதனால் அவள் பாதிதான் நம்பினாள். டுண்டேயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சூம் அண்ணையிடம் ஓடினேன். அவரிடமிருந்த பாட்டுக் கசெட்டின் நாடா எப்போதோ சிக்கி அறுந்துபோயிருந்தது. “பயப்படாதையும்” என்றவர், மில்லிக்கன், யூனியன்வில் என்று பழைய மாப்பிள்ளைமார் வீடுகளில் கலியாணக் கசெட் கேட்டு ஏறி இறங்கினார்.

“அண்ணை, நாங்கள் டிவோர்ஸ் எடுத்திட்டம்” என்றது ஒரு வீடு.

“அதுக்கென்ன, அறுகரிசி இருக்குத்தானே?”

பதினொரு கலியாணங்களை வெட்டி ஒட்டி முழுப் பாட்டையும் கொண்டுவந்து டுண்டே வீட்டில் போட்டார். சோடிகள் மாறி மாறி அறுகரிசி வாங்க, பாட்டு ஒரு இடமும் அறாமல் ஓடியது. முடிந்ததும் மகள் அப்பாவின் தோளில் சாய்ந்து, “எகெய்ன், டாட்” என்றாள். டுண்டே விம்மி அழுதார்.

சூம் அண்ணை கலவரப்பட்டு என் காதில் கேட்டார்: “ஏன் தம்பி அந்தாள் அழுகுது? நான் எங்கையும் பிழையா வெட்டிப்போட்டனோ?”

“ஒண்டும் பிழையில்லை, அண்ணை” என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். பாட்டு இரண்டாம் முறை முடியும்வரை அதை விட எனக்கு மனம் வரவில்லை.