வெள்ளை அட்டை

"விதை ஆபீசு மேடம் போன் பண்ணாங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நம்ம காட்டைப் பாக்க வர்றாங்களாம். ஆதாரட்டையை எடுத்து வெக்கச் சொன்னாங்க."

ராயம்மாள் வரப்பில் நின்று இதை மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறைதான் அவள் புருஷன் லியோன் திரும்பினார். அவர் கேழ்வரகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூ விட்டிருந்த கதிர்கள் பாதி மடக்கின குழந்தைக் கை மாதிரி இருந்தன. காற்று அடிக்கும்போது ஒரு ஏக்கர் முழுக்க "வா, வா" என்று கூப்பிடுவது போல இருந்தது. அவரும் போய்விடுவார் போலத்தான் உட்கார்ந்திருந்தார்.

"எந்த அட்டை?"

"இந்தாங்க." ராயம்மாள் போன் உறைக்குள் சொருகி வைத்திருந்த அவருடைய ஆதார் அட்டையை நீட்டினாள்.

லியோன் சிரித்தார். "விதை ஆபீசுக்கு என் மூஞ்சி எதுக்கு? அவங்க கேட்டது ஆதார விதையோட அட்டை. வெள்ளை அட்டை."

"எனக்கு ஆதாருன்னுதான் காதுல வுழுந்துது."

"உனக்கு எப்பவும் பாதிதான் வுழும்."

"முழுசா கேக்கறவரு போனைக் கையோட எடுத்துட்டு வரணும்." அட்டையை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

லியோனுக்குச் சிரிப்பு அப்படியே உதட்டில் நின்றது. வெள்ளை அட்டையை எங்கே வைத்தோம்?

விதைக் கடையில் வாங்கும் சான்று விதை மூட்டையில் நீல அட்டை தைத்திருக்கும். அந்தச் சான்று விதையை விளைவிக்கிற விவசாயி முதலில் அதற்குத் தாயான ஆதார விதையை வாங்க வேண்டும். அந்தப் பையில் வெள்ளை அட்டை இருக்கும். விதைக் கிடங்கில் எடை பார்த்துக் கொடுத்த ஆரோக்கியராஜ் அன்றைக்கே சொல்லியிருந்தான்.

"அண்ணா, அட்டை பத்திரம். அது தொலைஞ்சா நீங்க வெளைவிக்கறது விதை இல்ல, வெறும் கேவுரு. களி கிண்டித்தான் திங்கணும்."

லியோன் இதுவரை இரண்டு காரியம் தொடங்கியிருந்தார். பட்டுப்புழு வளர்த்தார், செத்துப் போனது. தக்காளி வைத்தார், மாரண்டஹள்ளி மண்டி வாசலிலேயே கொட்டிவிட்டு வந்தார். இது மூன்றாவது. இந்த முறை கனவு பெரிது. அவர் காட்டுக் கேழ்வரகு நீல அட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறும். தொப்பூர் மலை இறங்கும். அவர் பார்த்தே இராத ஊரில், பேர் தெரியாத ஒருவன் காட்டில், மழை பெய்த மறுநாள் முளைக்கும். அந்த ஊர்க் காற்றிலும் "வா, வா" என்று கை அசைக்கும்.

விதைத்ததைப் பதிவு செய்யத் தருமபுரி ஆபீசுக்குப் போன அன்றும் இதே கனவுதான். மேசை மேல் ஒரு நீல அட்டை கிடந்தது. அதில் உற்பத்தியாளர் பெயர் என்று ஓர் இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்தபடியே நின்றார். அவர்கள் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார், கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார். காகிதம் போட்டு எடுத்துப் போன மஞ்சப்பையில் திரும்பும்போது பூண்டு வாங்கி வரச் சொல்லியிருந்தாள் ராயம்மாள். பை காலியாக வந்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் பூண்டு இல்லாத ரசம்.

லியோன் வீட்டுக்கு ஓடினார்.

விதை வந்த துணிப்பை அடுப்படியில் இருந்தது. ராயம்மாள் அதைக் கரித்துணி ஆக்கியிருந்தாள். அதன் வாயில் நூல் பிரித்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. பீரோவைக் கவிழ்த்தார். மாவு டின்னைக் கொட்டினார். பைபிளைத் தலைகீழாக உதறினார். உள்ளே இருந்து கல்யாணப் பத்திரிகை எட்டு விழுந்தது, அட்டை விழவில்லை.

"தேடறீங்களா, வூட்டைக் காலி பண்றீங்களா?" என்றாள் ராயம்மாள்.

"அட்டை இல்லன்னா நாளைக்கு மேடம் வண்டியைக்கூட நிறுத்த மாட்டாங்கடி."

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. விதைப்பதற்கு முன்னால் பையை அந்தோணியார் கோயிலுக்குக் கொண்டு போய்ச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கினார்கள். அட்டை அங்கே விழுந்திருக்கும்!

கோயிலில் உபதேசியார் சவரி விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு வந்த? இரு" என்று மைக்கைப் போட்டார். லியோன் தடுப்பதற்குள் கோபுரத்து ஸ்பீக்கர் பேசியது.

"அன்பார்ந்த இறைமக்களுக்கு ஓர் அறிவிப்பு. நமது லியோன் அவர்களின் ஆதாரட்டை காணாமல் போய்விட்டது. கண்டெடுத்தவர்கள் உடனே அவர் இல்லத்தில் ஒப்படைக்கவும். அந்தோணியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

லியோன் வீடு வந்து சேர்வதற்குள் வாசலில் ஏழு பேர் நின்றார்கள். ஏழு பேர் கையிலும் ஆதார் அட்டை.

"இது பஸ் ஸ்டாப்புல கெடந்துதுங்க. மூஞ்சி கொஞ்சம் உங்க சாடைதான்" என்றார் ஒருவர்.

"பேங்குல சொல்லிட்டீங்களா? சொல்லலன்னா வழிச்சுடுவானுங்க" என்றார் இன்னொருவர்.

பக்கத்து வீட்டுச் சகாயமேரி ஓர் அட்டையை அவர் கையில் திணித்தாள். "எங்க மாமியாரோடதுங்கண்ணா. ஆளு போய் ரெண்டு வருசம் ஆச்சு. அட்டை சும்மாதான் கெடக்குது. உங்களுக்கு உதவட்டும்."

"அம்மா, நான் தேடறது ஆதார் இல்ல! ஆதாரம்! ஆதார விதை!" என்று லியோன் கத்தினார். கூட்டம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. ஊருக்கே காது சரியில்லை என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. ராயம்மாள் மட்டும், "ஊரே ஒரு மாதிரி கேக்குது, இவரு மட்டும் வேற மாதிரி கேக்கறாரு" என்று முறத்தைப் பார்த்துச் சொன்னாள்.

ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. மாது.

மாதுவின் காடு ஓடைக்கு அந்தப் பக்கம். அவரும் லியோனோடு வந்து அதே ஆதார விதையைத்தான் வாங்கினார். ஆனால் பதிவு செய்யவில்லை. "ஆபீசரு வந்து குறை சொல்லிட்டுப் போறதுக்கு என் காடு என்ன புது மருமவளா?" என்று சொந்தச் சாப்பாட்டுக்கே விதைத்துவிட்டார். அதனால் அவர் அட்டை அவரிடமே இருக்கும்.

லியோன் போனபோது மாது பால் கறந்துகொண்டிருந்தார்.

"மாது, உன்னோட வெள்ளை அட்டை வேணும்."

"அதுவா? தோ தொங்குது பாரு."

செவலைப் பசுவின் கழுத்தில், மணிக்குப் பக்கத்தில், சாணியும் எச்சிலுமாக அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

"மாட்டுக்கு எதுக்குய்யா அது?"

"கண்ணு படாம இருக்க. சர்க்கார் அட்டை அல்ல? பொறாமைப்படறவன்கூட ஒரு நிமிசம் யோசிப்பான். அதைக் கட்டுனதுல இருந்து செவலை உதைக்கறதே இல்ல."

"கழட்டிக் குடு. காடே போவுது எனக்கு."

மாது பால் சொம்பை ஓரமாக வைத்தார். லியோன் முகத்தைப் பார்த்தார். நல்ல மனுஷன்தான். "தர்றேன். ஆனா வெறுங்கழுத்தா வுட்டா காலைல ஒரு சொட்டு வுடாது. பதிலுக்கு ஒரு அட்டை குடு. சர்க்கார் அட்டையா இருக்கணும்."

லியோன் சட்டைப் பையைத் தொட்டார். ராயம்மாள் போட்டுவிட்ட அட்டை இருந்தது.

மாது அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "அட! சிங்கமெல்லாம் போட்டிருக்குது. வழவழன்னு இருக்குது, மழையில நனையாது. நாளைக்குச் சாயங்காலம் திருப்பித் தர்றேன்."

கோணி ஊசியால் ஒரு குத்து. ஓட்டை சரியாக லியோன் படத்தின் நெற்றியில் விழுந்தது.

"யோவ்!"

"பொட்டு வெச்ச மாதிரி லட்சணமா இருக்குது லியோனு." கயிறு கோத்துக் கட்டினார். செவலை திரும்பி லியோனைப் பார்த்தது. கழுத்திலிருந்த லியோனும் பார்த்தார்.

வீட்டில் வெள்ளை அட்டையைக் கழுவினார்கள். முதலில் சாணி போனது. சாணியோடு எழுத்தும் போனது. ஈரம் காய ராயம்மாள் தோசைக்கல்லில் போட்டாள். லியோன் ஊதிவிடுகிறேன் என்று குனிந்தவர் எதையோ நினைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். வாசனை வந்த பிறகுதான் எடுத்தார்கள். வெள்ளை அட்டை இப்போது நடுவில் பொன்னிறமாகவும் ஓரத்தில் முறுகலாகவும் இருந்தது.

"நம்பரைப் பேனாவுல எழுதிடலாங்க" என்றாள் ராயம்மாள்.

லியோன் பேனாவை எடுத்தார். அவர் கண்ணுக்கு அந்த நீல அட்டை தெரிந்தது. உற்பத்தியாளர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. பேனா முனை இங்கே தொட்டதும் அங்கே பெயரின் முதல் எழுத்து அழிந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"கள்ள நம்பரு போட்டு நல்ல விதை வெளையாதுடி."

அன்று ராயம்மாள் வைத்த ரசத்தில் பூண்டு கூடுதலாக இருந்தது.

மறுநாள் காலையில் சாரல் அடித்தது. காட்டின் மேல் வெள்ளையாக ஒரு மூட்டம். கதிர்கள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. லியோன் வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு, அதை விரிக்க மறந்து நின்றார். கடைசியாக ஒரு முறை எல்லாக் கைகளும் அவரைக் கூப்பிட்டன. போய்விட்டு வருகிறேன் என்று சொல்வது போல அவரும் கை அசைத்தார்.

"யாருக்கு சார் டாட்டா காட்டறீங்க?"

விதைச் சான்று அலுவலர் பிரியதர்ஷினி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தாள். சின்ன வயசு. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் காட்டுக்குள் இறங்கினாள். இந்த மூலை, அந்த மூலை, நடு. குனிந்து குனிந்து எண்ணினாள். வேறு ரகச் செடி கலந்திருந்தால் அதற்குக் கலவன் என்று பெயர். ஒரு மாதமாக லியோன் விடிந்ததும் இறங்கி ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருந்தார்.

அரை மணி நேரம் கழித்து ஏறி வந்தாள். "சார், இந்த வருஷம் நான் பாத்ததுல இதுதான் சுத்தமான காடு. ஒரு கலவன்கூட இல்ல."

"ஒண்ணு இருக்குது மேடம்" என்றாள் ராயம்மாள். "வரப்பு மேல குடையை மடக்கிப் புடிச்சுக்கினு நிக்குது பாருங்க."

அந்த நேரம் பார்த்து மணிச் சத்தம் கேட்டது. மூட்டத்துக்குள்ளிருந்து செவலை வந்தது. பின்னால் மாது கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேடிக்கை பார்க்க வந்திருந்தார். செவலை கம்பீரமாக வரப்போரம் நின்றது. கழுத்தில் அட்டை மின்னியது.

பிரியதர்ஷினி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "மாட்டுக் கழுத்துல அது என்ன சார், போட்டோவெல்லாம் போட்டு?"

லியோன் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அது... மாட்டோட அடையாள அட்டைங்க மேடம். இப்பெல்லாம் மாட்டுக்கும் குடுக்கறாங்க அல்ல?"

"பரவால்லயே. போட்டோகூட மாடு மாதிரியே விழுந்திருக்கு."

மாது இருமினார். ராயம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு பொய் சொன்னதே லியோனுக்கு அதிகம். இரண்டாவது பொய்க்கு அவரிடம் இடம் இல்லை. பையிலிருந்து தோசைக்கல் அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"மேடம், மன்னிச்சுக்கோங்க. இது என்னோட அட்டை இல்ல. மாதுவோடது. என்னோடது தொலைஞ்சுபோச்சு. பீரோ, கோயிலு, எல்லாம் தேடிட்டேன். நீங்க கேட்ட ஆதாரட்டை என்கிட்ட இல்லைங்க. என் காட்டைப் பட்டியல்ல இருந்து அடிச்சுடுங்க. களி கிண்டித் தின்னுக்கறோம்."

மாதுகூடத் தலை குனிந்துகொண்டார். சாரல் நின்றிருந்தது. ஒரு ஏக்கர் கேழ்வரகும் அசையாமல் காது கொடுத்துக் கேட்டது.

பிரியதர்ஷினி அந்தப் பொன்னிற அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து விரித்தாள். முதல் பக்கத்தில், பில்லோடு சேர்த்துப் பின் அடித்து, பளிச்சென்று ஒரு வெள்ளை அட்டை இருந்தது.

"பதிவு பண்ண அன்னிக்கே உங்க வெள்ளை அட்டையை மஞ்சப்பையில இருந்து நீங்களேதான் சார் எடுத்துக் குடுத்தீங்க, நான் போன்ல அம்மாகிட்டக் கேட்டது உங்க ஆதார் கார்டு, அதைக் காட்டுங்க, போட்டோவும் உங்க மூஞ்சியும் ஒத்துப்போவுதான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்."