நாற்காலி, மேஜை, கட்டில்

தடால்!

கதவு திறந்துகொண்டது. முதலில் ஒரு கூடைப் பனி உள்ளே வந்து விழுந்தது. அதன்மேல் ஆம்ப்ரோஸ் டில்னி வந்து விழுந்தார்.

அடுப்பருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்த உயரமான மனிதர் பதறி எழுந்தார்.

"ஐயோ, வாங்க, வாங்க! இப்படி உட்காருங்க!"

"பரவாயில்ல சார், நீங்க உட்காருங்க," என்றார் டில்னி, மீசையில் தொங்கிய பனிக்கட்டியை ஒடித்துக்கொண்டே.

"அதெப்படி? நீங்க நிக்கும்போது நான் உட்காரலாமா?"

டில்னிக்குக் கண் கலங்கியது. நாற்காலியை விட்டுக்கொடுத்த தினுசிலேயே தெரிந்துவிட்டது, ஆள் இங்கிலாந்துக்காரர் என்று.

அந்தக் காலத்தில் எங்கள் வடக்குச் சமவெளியில் குளிர்காலம் வந்தால் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. பனிப்புயலில் மாட்டிக்கொண்டவன் தட்டாமலே உள்ளே வரலாம், அடுப்பு மூட்டலாம், இருப்பதைத் தின்னலாம். நீ யார் என்று கேட்கிற வழக்கமே கிடையாது. அதிலும் ஒரே அறையில் இரண்டு இங்கிலாந்துக்காரர்கள் அகப்பட்டுக்கொண்டால் கேட்கவே வேண்டாம். அறிமுகம் செய்துவைக்க மூன்றாவது ஆள் வராதவரை, ஒருவர் பெயரை மற்றவர் கேட்க அவர்களுக்கு நாக்கு எழாது.

டில்னி தன் புது வீட்டைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார். வியாபாரக் கோட்டையில் இருந்த தரகர் ஒருவரின் பேச்சை நம்பி, கண்ணால் பார்க்காமலே, உள்ளே கிடந்த சாமான்களோடு வாங்கிய வீடு. ஏரியைப் பார்த்த பெரிய ஜன்னல்கள், விசாலமான அறைகள், குளிர் எட்டிப் பார்க்காத சுவர்கள். தரகர் வர்ணித்ததை எல்லாம் டில்னி அப்படியே இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயருக்கு எழுதிப் போட்டிருந்தார். அதை நம்பி லூயிசா கப்பலேறிவிட்டாள். அடுத்த வாரம் தபால் வண்டியில் வருகிறாள், கல்யாணம் செய்துகொள்ள. ஆனால் அவள் அம்மா ஒரு நிபந்தனை போட்டு அனுப்பியிருந்தாள். வீடு பிடிக்கவில்லை என்றால் வந்த வண்டியிலேயே திரும்பிவிட வேண்டும்!

அவள் வருவதற்குள் போய், அடுப்பு மூட்டி, ஜன்னலுக்குத் திரை கட்டி, வீட்டை வீடாக்கிவிட வேண்டும் என்று டில்னி அவசரமாகக் கிளம்பினார். பாதி வழியில் புயல் பிடித்துக்கொண்டது. திசை தப்பி, கைக்குத் தட்டுப்பட்ட முதல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்துவிட்டார்.

மூச்சு சீரானதும் சுற்றிப் பார்த்தார். கைக்குட்டை அளவுக்கு ஒரே ஒரு ஜன்னல். அதிலும் கண்ணாடிக்குப் பதில் எண்ணெய்த்தாள். கூரை தலையை இடித்தது. ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு கட்டில்.

'பாவம், இதிலும் ஒரு மனிதர் குடியிருக்கிறாரே!' என்று நினைத்துக்கொண்டார். லூயிசா இதைப் பார்த்தால் வண்டியை விட்டுக் கீழேயே இறங்க மாட்டாள்.

ஆனால் வாய் வேறு சொன்னது. "கச்சிதமான வீடு சார்."

"ரொம்பக் கச்சிதம்! ரொம்ப ரொம்பக் கச்சிதம்!" என்றார் உயரமானவர்.

'என்ன ஒரு தன்னடக்கமற்ற ஆள்,' என்று டில்னிக்குத் தோன்றியது. ஆனாலும் மன்னித்துவிட்டார்.

மத்தியானத்துக்குள் கூடையில் இருந்த விறகு தீர்ந்தது. வெளியே கையை நீட்டினால் கை தெரியவில்லை. உயரமானவர் தொண்டையைச் செருமினார்.

"விறகு... தீர்ந்துபோச்சு போலிருக்கே."

"ஆமாம், போலிருக்கு," என்றார் டில்னி. விருந்தாளி வேறென்ன சொல்ல முடியும்?

"இந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுது."

"ஆடுது, ஆடுது."

"எரிச்சிடலாம்னு... உங்களுக்கு ஆட்சேபணை இல்லேன்னா..."

"எனக்கென்ன சார் ஆட்சேபணை? உங்க இஷ்டம்!"

நாற்காலி அடுப்புக்குள் போனது. முன்பின் தெரியாதவனுக்காகச் சொந்த நாற்காலியையே எரிக்கிறாரே என்று டில்னி உருகிப்போனார். பதிலுக்கு ஏதாவது செய்தாக வேண்டும். பையை அவிழ்த்தார். லூயிசாவை வரவேற்க என்று பத்திரப்படுத்தியிருந்த தேயிலைப் பொட்டலத்தையும், ஆரஞ்சு மார்மலேட் ஜாடியையும் வெளியே எடுத்தார்.

உயரமானவர் ஜாடியைத் திறந்து முகர்ந்தார்.

"எங்க சமையலறை வாசனை சார் இது," என்றார். "ஜனவரி மாசம் அம்மா இதைக் கிளறும்போது ஜன்னலெல்லாம் ஆவி படிஞ்சிருக்கும். நான் விரலால அதுல படம் போடுவேன். அதுக்கு அடி வேற."

"வெளியே மழை பெய்யும்."

"எப்பவும்தானே பெய்யும்!"

"அங்க இருந்தப்போ அந்த மழையைத் திட்டாத நாள் இல்ல."

"இப்ப ஒரு தூறல் போட்டா ஓடிப்போய் நனைவேன்."

டில்னி கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லூயிசாவும் அவரும் ஒரே குடையில் மாதா கோயிலிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. குடையில் ஓட்டை. அவருடைய வலது தோள் முழுக்க நனைந்தது. அந்த ஈரம் இன்னும் காயவில்லை போலிருந்தது.

ஊர்ப்பேச்சு சூடு பிடிக்க, அடுப்பு ஆறியது. மேஜையை எரித்தார்கள். வீட்டுக்காரருக்குச் சிரமம் வேண்டாம் என்று கோடாரியை டில்னியே வாங்கிக்கொண்டார். சாயங்காலம் சுவரலமாரிப் பலகை போனது. அப்புறம் இருவரும் கட்டிலைப் பார்த்தார்கள்.

"நல்ல கட்டில்," என்றார் டில்னி தயக்கமாக.

"கட்டில் போனா வேற கட்டில். உயிர் முக்கியமில்லையா? நீங்க என்ன சொல்றீங்க?"

"பெரிய மனசு சார் உங்களுக்கு!"

"எனக்கா? உங்களுக்குத்தான் சார்!"

கட்டில் நன்றாக எரிந்தது.

பொழுது விடிந்தபோது காற்று அடங்கியிருந்தது. டில்னி கதவைத் தள்ளித் திறந்தார். எதிரே கண்ணுக்கு எட்டியவரை ஒரே வெள்ளை வெளி. வாசலுக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக, பனி சரிந்த இடத்தில் ஏதோ தெரிந்தது. தட்டிப் பார்த்தார். விறகு. கூரை உயரத்துக்கு அடுக்கிய காய்ந்த விறகு!

"சார்!" என்று கத்தினார். "இங்க இவ்வளவு விறகு இருக்கே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

உயரமானவர் எட்டிப் பார்த்தார். "எனக்கெப்படி சார் தெரியும்? நீங்கல்ல சொல்லியிருக்கணும்?"

"நானா?"

"உங்க வீடு. உங்க விறகு."

"என் வீடா? இது உங்க வீடாச்சே!"

"நான் மலைகளைப் பார்த்துப் படம் வரையக் கிளம்பின ஓவியன் சார்! பேர் குவின்ட். உங்களுக்கு அரை மணி முன்னாலதான் இந்தக் கதவைத் தள்ளிட்டு வந்தேன். நீங்க தட்டாம வந்தீங்களா, சரி, வீட்டுக்காரர்தான்னு..."

"நீங்க எழுந்து நாற்காலி கொடுத்தீங்களா..."

"உங்க நாற்காலின்னுதான் சார் கொடுத்தேன்!"

இருவரும் மெதுவாக உள்ளே திரும்பிப் பார்த்தார்கள். நான்கு சுவர், ஓர் அடுப்பு, நிறையச் சாம்பல். கட்டில் இருந்த இடத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் மட்டும் மிச்சம். ஒவ்வொன்றும் ஒரு சின்னப் படகு அளவுக்கு இருந்தது.

குவின்ட் ஒரு பூட்ஸைத் தூக்கிப் பார்த்தார். "வீட்டுக்காரருக்குக் கால் கொஞ்சம் பெரிசு போலிருக்கு."

"கால் இவ்வளவுன்னா கை எவ்வளவு இருக்கும்?"

"கரடி வந்து எரிச்சிட்டுப் போச்சுன்னு சொல்லிப் பார்ப்போமா?"

"கரடி தீப்பெட்டி வச்சிருக்குமா சார்?"

"நாற்காலியை எரிச்சது நான். ஒத்துக்கறேன். ஆனா கட்டில்ல கோடாரி போட்டது நீங்க."

"பெரிய மனசுன்னு பாராட்டினேனே, அப்பவே இது என் வீடில்லன்னு சொல்லக் கூடாதா?"

சண்டை முற்றுவதற்குள் மணிச் சத்தம் கேட்டது. வெள்ளை வெளிக்குக் குறுக்கே ஒரு குதிரைச் சறுக்குவண்டி நேராக வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதிலிருந்து எருமைத்தோல் கோட்டு போட்ட ராட்சதன் ஒருவன் குதித்து இறங்கினான். டில்னியின் கண் முதலில் போனது அவன் கால்களுக்குத்தான். பெரிய கால்கள்!

குவின்ட் நைசாக டில்னிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

ஓடுவதற்கு இடமில்லை. டில்னி தொப்பியைக் கழற்றினார். லூயிசா ஒருத்தி மட்டும் தன்னை இந்தக் கோலத்தில் பார்க்காமல் இருக்கிறாளே என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு, ஆரம்பித்தார்.

"ஐயா, நாங்க திருடங்க இல்ல. குளிர் தாங்கல. உங்க நாற்காலியை எரிச்சோம். மேஜையை எரிச்சோம். அலமாரியையும் எரிச்சோம். கட்டிலையும்... எரிச்சோம். கூரை மட்டும்தான் மிச்சம். உங்க கால்ல வேணாலும் விழறோம், மன்னிச்சிடுங்க!"

ராட்சதன் தலையை நீட்டி உள்ளே பார்த்தான். காலியான அறையையும் சாம்பலையும் பார்த்தான். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்த சிரிப்பில் கூரைப் பனி சரிந்து மூவர் தலையிலும் விழுந்தது. வண்டியில் ஒரு ரோமப் போர்வை மூட்டை மெல்ல அசைந்தது.

"நான் தபால் வண்டிக்காரன் கஸ்பார். என்கிட்ட எதுக்கு சார் மன்னிப்பு கேக்கறீங்க?" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "யாரோ டில்னியாம், நான் பார்த்ததில்ல, அவர் வாங்கின வீடு இது, அவரைக் கட்டிக்கப் போற பொண்ணு ஒரு வாரம் முன்னாலேயே வந்து என் வண்டியிலதான் உட்கார்ந்திருக்கு, அதுகிட்டயே சொல்லிடுங்க!"