முதல் பக்கத்து வார்த்தை

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே உங்கள் அத்தை சுகம். நானும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும்.

வரவேற்பு மேசையிலேயே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது, மேற்பார்வையாளர் இடம் காலியாகிறது, இங்கிலீஷ் தெரிந்தால்தான் கொடுப்பார்கள் என்று உங்களிடம் புலம்பினேன். தினம் செய்தித்தாளில் ஒரு புது வார்த்தை எடுத்து, அகராதி பார்த்து, பொழுது சாய்வதற்குள் மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லச் சொன்னீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் பக்கத்தில் நல்ல வார்த்தை எங்கே இருக்கிறது, மாப்பிள்ளை? நாற்பது நாளில் நாற்பது வார்த்தை கற்றேன். அத்தனையும் வெள்ளம், விபத்து, தலைமறைவு. உங்கள் அத்தை எதிரில் 'கொலாப்ஸ்' என்று சொல்லி, இடிந்து விழுவது என்று பொருளும் சொன்னேன். அன்று முழுக்க அவள் கூரைக்குப் பயந்து சமையலறைக்குள் போகவில்லை, எனக்குச் சாப்பாடும் இல்லை.

நேற்றைய வார்த்தை 'எவாக்குவேட்'. கட்டடத்தைக் காலி செய்து வெளியேறுவதாம். மதியம் ஆளில்லாத நேரம், எல்லா மாடிக்கும் அறிவிப்புச் சொல்கிற மேசை மைக்கைப் பிடித்துக்கொண்டு, மேடைப் பேச்சாளர் மாதிரி முதுகை நிமிர்த்தி மூன்று தடவை சொன்னேன். மைக் அணைந்திருக்கிறது என்றுதான் நினைப்பு. மூன்றாவது தடவை சொல்லும்போதே படிக்கட்டில் தடதடவென்று சத்தம். ஆறு மாடியும் இறங்கி வந்துவிட்டது. பல் டாக்டர் நோயாளியை வாய் திறந்தபடியே கூட்டிவந்தார். முதலாளி வெறுங்காலோடு தெருவில் நின்று, "யாருய்யா சொன்னது?" என்று கேட்டார். நான் மைக்கும் கையுமாக நின்றேன்.

திங்கட்கிழமை அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். பதவி உயர்வு கிடக்கட்டும், இருக்கிற வேலை தங்கினால் போதும். ஐம்பத்தாறு வயதில் எனக்கு யார் வேறு நாற்காலி போடுவார்கள்? பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. இங்கிலீஷில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி உடனே அனுப்புங்கள். மகளுக்குத் தெரிய வேண்டாம். என் வாயைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே நல்ல அபிப்பிராயம் இல்லை.

இருவரும் நோய்நொடி இல்லாமல், செய்தித்தாளில் பெயர் வராமல், நூறாண்டு வாழ வாழ்த்தும்,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் முதலாளி கூப்பிட்டுவிட்டார். போன வருஷம் தீ ஒத்திகைக்கு நான் அரை மணி நேரம் தமிழில் கத்தியும் நாலு பேர்தான் இறங்கினார்கள். நேற்று நாலே நிமிஷத்தில் கட்டடமே காலியாம். "நீங்க இங்கிலீஷ்ல சொன்னாத்தான் இவங்க உயிர் பிழைப்பாங்க போலிருக்கு" என்று மேற்பார்வையாளர் வேலையைக் கொடுத்துவிட்டார். மன்னிப்புக் கடிதம் வேண்டாம். திரும்ப மேலே ஏறச் சொல்ல ஒரு வார்த்தை எழுதி அனுப்புங்கள்; நேற்று அதைத் தமிழில் சொன்னேன், பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.