கொமரலிங்கத்தில் ஒரு நியூசிலாந்து

சென்ற ஆவணி மாதத்து முதல் ஞாயிறு. வழக்கம்போல எழுந்து, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, செய்தித்தாளைப் படித்து நான்காக மடித்து வைத்தபோது வாசலில் சேம்பிள் அண்ணன் நின்றார். சேம்பிள் பார்க்காமல் மூச்சுகூட விடாத மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

அருள்புரத்தில் எங்கள் பனியன் கம்பெனியில் அவர் சேம்பிள் பிரிவு. நான் சரக்கு அனுப்பும் பிரிவு. மாதிரிக்கு ஒரு பனியன் தைத்து, வாங்கும் வெளிநாட்டு பையர் ஓகே சொன்ன பிறகுதான் மொத்த ஆர்டரும் ஓடும். இந்த வழக்கத்தை அண்ணன் வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டார். மகள் கல்யாணத்துக்கு முந்தைய மாதமே ஒரு பந்திக்குச் சமைக்கவைத்து எங்களை உட்காரவைத்தார். பாயசத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மாப்பிள்ளையை மட்டும் சேம்பிள் பார்க்க முடியவில்லை என்ற குறை அவருக்கு இன்றும் உண்டு.

"தம்பி, சரக்கு வண்டி இன்னைக்கு ஒரு நாளைக்கு வேணுமுங்க."

"எதுக்குங்கண்ணா?"

"நியூசிலாந்து போறமுங்க. அங்க ஊடு மாதிரியே வண்டி வாடகைக்குக் குடுப்பாங்களாம். நம்ம மாதிரியே லெஃப்ட்லதான் ஓட்டோணும். நாளைக்கு டிக்கெட் போடோணும். அதுக்கு முன்ன உங்க அக்கா சேம்பிள் பார்த்து ஓகே சொல்லோணுமில்ல?"

அது லேசான காரியமல்ல. ஊட்டி, மூணாறு, சிங்கப்பூர் என்று அவர் கொடுத்த வாக்குகளையெல்லாம் ஷிப்மென்ட் அவசரம் விழுங்கியிருந்தது. இனி எங்கும் வரமாட்டேன் என்று, நான் அக்கா என்று அழைக்கும் அவர் மனைவி சொல்லிவிட்டிருந்தார். அன்றைக்கு அவர் மனம் மாறாவிட்டால் இனிப் பயணமே கிடையாது.

வண்டியில் மெத்தை, அடுப்பு, தண்ணீர் கேன் ஏறின. பின்கதவில் பனியன் துணியில் தைத்த திரையை அக்கா தொங்கவிட்டார். அண்ணன் ஓட்ட, வண்டிக்குப் பொறுப்பாளியான நானும் கூடப் போனேன்.

"அங்க நமக்குச் சொந்தக்காரங்க கிடையாது. அதனால இங்கயும் யாரு ஊட்டுக்கும் போகக்கூடாது. வண்டியிலயே ஆக்கி, வண்டியிலயே திங்கோணும்," என்றார் அண்ணன்.

கொமரலிங்கத்தில் அமராவதிக் கரையோரம் நிறுத்தினோம். அது அக்கா பிறந்த ஊர் என்பதை அண்ணனின் திட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சோறு கொதிக்கும்போதே அக்காவின் தம்பி பைக்கில் வந்து இறங்கினார்.

"ஏனுங் மாமா, ஊட்ட வித்துப்போட்டீங்களா?"

"இல்லீங் மாப்ள, இது சேம்பிளுங்க."

"ஊடு இருக்கறவங்க ஆத்தோரத்துல சோறாக்குனா ஊரு என்னங்க பேசும்?"

ஊர் பேசிவிட்டது. தூக்குப்போசியில் கோழிக்குழம்போடு தம்பி மனைவி வந்தார். பின்னாலேயே வந்த பெரியம்மா அக்காவைத் தனியாக அழைத்து, "அடிச்சுப்போட்டாரா கண்ணு?" என்று கேட்டார். அண்ணன் அடுப்பை அணைத்தார்.

"சேம்பிள் ரிஜெக்ட்டுங்க தம்பி," என்றார் என்னிடம், மெல்ல.

திரும்பும் வழியில் பல்லடம் நெருங்கியபோது அண்ணன் கேட்டார்: "அம்மணி, பையர் மாதிரி கமெண்ட் சொல்லு."

"அடுப்பு ஆடுது. திரை குட்டை, அதைத்தான் அங்கயும் கொண்டுபோவேன், நீளமா வேணும்."

அண்ணன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். "அப்ப வர்றயா?"

"கல்யாணமாகி இத்தன வருசத்துல கம்பெனிக்கு ஒரு போன்கூடப் பண்ணாம நீங்க என் பக்கத்துல இருந்தது இன்னைக்குத்தானுங்க. டிக்கெட் போடுங்க."

மறுநாள் காலை கம்பெனிக்குப் போனதும், முதல் வேலையாக அந்தத் திரைக்கு ஒரு முழம் கூட்டித் தைக்கக் கொடுத்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் முதலில் சேம்பிள் கேட்பார்.