தட்டோடு போன சுற்றுலா

அடுப்பில் பால் இருக்கும்போது என்னைக் காவலுக்கு வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பால் பொங்கி வழிவதை நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருப்பேன். அது வழிகிறது என்கிற செய்தி மட்டும் மண்டைக்குள் போகாது. இலங்கை மலைநாட்டுப் பதுளையில் பிறந்தவர்களுக்கு இந்த வியாதி கொஞ்சம் உண்டு. சன்னலைத் திறந்தால் மலை, மலைமேல் பனி, பனியைப் பார்த்தால் பாதி நாள் போய்விடும். (மற்றவர்கள் ஒழுங்காக வேலைக்குப் போகிறார்களே என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு இன்னும் முற்றவில்லை.)

இப்படிப்பட்டவன் ஊரைச் சுற்றிக் காட்டும் தொழிலில் இறங்கினால் என்ன ஆகும்? இறங்கினேன். 'அரசர்கள் ஆண்ட ஊவா மண்ணில் ஒரு நாள், தோட்டத்து வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு' என்று முகநூலில் விளம்பரம் போட்டேன். ஒரு வேனை வாடகைக்கு எடுத்தேன். முதல் விருந்தாளிகளாக ஒல்லாந்திலிருந்து யான் என்ற பெரியவரும் அவர் மனைவி எல்ஸ் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். பயணம் பிடித்துப்போனால் தங்கள் ஊர் நண்பர்களை எல்லாம் அனுப்புவதாகச் சொன்னார்கள். அன்றிரவு கனவில் நான் பஸ் கம்பெனி முதலாளி.

சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தவள் சாந்தினி. கணினி வகுப்பில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரி. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி டீச்சர். "எங்க அம்மா சுடுற ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டா ஒங்க வெள்ளைக்காரங்க ஊருக்கே போக மாட்டாங்க" என்றாள். அவளுக்குக் கல்வியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் அவளுடைய அப்பா முருகையா, "படிச்சது போதும், நல்ல எடம் வந்தா கட்டிக் குடுத்துருவோம்" என்று பிடிவாதமாக இருந்தார். அவரிடம் போய் அவள் சொன்ன செய்தி இதுதான்: "ஞாயித்துக்கெழம டவுன்ல இருந்து அந்தோனின்னு ஒருத்தரு வாறாரு. கூட ரெண்டு பெரியவங்க. சுற்றுலாப்பா. சாப்பிட்டுட்டுப் போயிருவாங்க."

வயதுக்கு வந்த மகள் இப்படிச் சொன்னால் உலகத்தில் எந்த அப்பாவுக்கும் 'சுற்றுலா' காதில் ஏறாது. பிள்ளை வெட்கப்பட்டு எதையோ சொல்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். அதோடு விட்டிருந்தாலும் தப்பித்திருப்போம்.

ஞாயிறு காலை, வேனில் ஏறும்போது எல்ஸ் அம்மா கேட்டார்: போகிற வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டாமா? ஒரு பெட்டி பிஸ்கட் போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அப்போது வேறு உலகத்தில் இருந்தேன். பனி. பச்சைத் தேயிலை. அதன் நடுவே சேலை கட்டிய வெள்ளைக்கார அம்மா கையில் ஒரு தட்டு. என்ன அருமையான படம்! பதுளைக் கடைத்தெருவில் இறங்கி, பளபளக்கும் ஒரு தட்டு வாங்கினேன். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், தேங்காய், மல்லிகைச் சரம், குங்குமம். நடுவில், வீட்டுக்கார அம்மாவுக்கு என்று ஒரு அரக்குச் சேலை. எல்ஸ் அம்மாவுக்கும் ஒரு சேலை வாங்கிக் கடைக்காரப் பெண்களைக் கொண்டே கட்டிவிட்டேன். யான் ஐயாவுக்கு வேட்டி.

இந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம் என்றாலும் எங்கள் அக்காவின் பரிசத்துக்கு இதே மாதிரித் தட்டை நானே தூக்கிக்கொண்டு நடந்தவன். அன்றைக்கு மட்டும் அந்த ஞாபகம் லீவில் போயிருந்தது.

வேன் மலையேறியது. ஒவ்வொரு வளைவிலும் பனி வந்து கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு விலகியது. கொழுந்து மலைகள் தெரிந்தன, மறைந்தன, கொஞ்சம் இடம் மாறித் தெரிந்தன. நான் ஊவா அரசர்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன். (பாதி கற்பனை. அரசர்கள் மன்னிக்கவும்.) நடுவில் யான் ஐயாவுக்கு ஒரு தமிழ்ச் சொல் கற்றுக்கொடுத்தேன். "எவர் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே 'ஆமாங்க' என்று சொல்லுங்கள், அவர்களுக்கு உங்களைப் பிடித்துவிடும்." அவர் நல்ல மாணவர். ஸ்பிரிங்வெளி வரும்வரை சொல்லிப் பழகினார்.

தோட்டத்து ஆட்களின் வீடுகள் ஒரே வரிசையாக நிற்கும் லயத்து வாசலில் பெரிய கூட்டம். ஆகா, உல்லாசப் பயணிகளைப் பார்க்க என்ன ஆர்வம் என்று நினைத்தேன். "மூணு பேரா வந்திருக்காங்களே, காரியம் ஆகுமா?" என்று ஒரு பெண்குரல் கேட்டது. "வெள்ளக்காரங்களுக்கு அதெல்லாம் தெரியுமா என்னா?" என்று இன்னொரு குரல் சமாதானம் சொன்னது. நாற்காலிகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முடிவுகட்டினேன். முருகையா வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றியில் சந்தனத்தோடு இறங்கி வந்தார். எல்ஸ் அம்மா நீட்டிய தட்டைக் கிழக்கே பார்த்து நின்று, இரண்டு கையாலும் வாங்கினார். நான் ஆசைப்பட்ட படம் கிடைத்தது. கைப்பேசியில் கிளிக் கிளிக் என்று எடுத்துத் தள்ளினேன்.

உட்கார வைத்து கேசரி, வடை, பாயாசம் பரிமாறினார்கள். எனக்குச் சின்ன எரிச்சல். "ரொட்டி போடலியாம்மா?" என்று சாந்தினியின் அம்மாவிடம் கேட்டேன். "ஐயோ, மொத மொதல்ல வந்திருக்கீங்க, ரொட்டியக் குடுத்தா நாலு பேரு என்னா நெனைப்பாங்க!" என்று பதறிப்போனார். எவ்வளவு விருந்தோம்பல் என்று எல்ஸ் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் கண் கலங்கித் தட்டிலிருந்த வாழைப்பழம் ஒன்றை உரித்துச் சாப்பிட்டார்.

அப்போது சாந்தினி தேத்தண்ணியோடு வந்தாள். தட்டில் வந்த அரக்குச் சேலையை உடுத்தியிருந்தாள். (அம்மா 'கட்டிக்கிட்டு வா' என்றதும், நான் படம் எடுப்பதற்குத்தான் கேட்கிறேன் என்று நினைத்தாளாம்.) வாசலுக்கு வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி ஆவிக்குப் பின்னால் அவள் முகம். கணினி வகுப்பில் பக்கத்தில் இருந்தவள்தான், ஆனாலும் அவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது. சத்தமே இல்லாத ஒரு இடத்தில் நான் மிதந்துகொண்டிருந்தேன்.

"தம்பி, வேதக்காரங்களா இருந்தாலும் மொறையா தட்டோட வந்துட்டீங்க. ஒங்களுக்குச் சம்மதந்தானே?" என்று முருகையா கேட்டிருக்கிறார்.

"ஆமாங்க" என்றேன்.

"ஐயாவுக்கு?"

"ஆமாங்க!" என்றார் யான் ஐயா, கணீரென்று.

வெளியே பெண்கள் குலவை போட்டார்கள். "அப்ப தையிலயே வச்சிக்குவோம்" என்றார் முருகையா.

சாந்தினி நின்றுவிட்டாள். "எத வச்சிக்குவோம்?"

"ஒன் கல்யாணத்ததான் புள்ள."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பயந்துபோய்ப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்கு முழிப்பு வந்தது. "இல்லீங்க... இது... சுற்றுலாங்க" என்று உளறினேன். எல்ஸ் அம்மாவின் கேமராவையும், சேலைக்குக் கீழே தெரிந்த மலையேறும் சப்பாத்தையும் காட்டினேன். முருகையா அந்தச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் கறுத்தது. லயமே வாசலில் நின்றது. பெண் கேட்டு வந்து, தட்டு மாற்றி, வேண்டாம் என்று போனான் டவுன்காரன் என்று பேசுவார்கள். அந்த வாய்களை அடைக்க, அந்த மாதமே எவனுக்காவது பிடித்துக் கட்டிவைப்பார். நான் வாயை மூடிக்கொண்டால் நானே கட்டிக்கொள்ள வேண்டும். (அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று மனசின் ஒரு மூலை கூவியதை மறைக்கவில்லை.) எப்படிப் பார்த்தாலும் அவளுடைய கல்லூரி போனது போனதுதான்.

"தட்ட எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி" என்றார் முருகையா. ஆனால் பழத்தில் ஒன்று எல்ஸ் அம்மாவின் வயிற்றில். சேலையோ சாந்தினியின் மேல்.

"ஒடம்புல ஏறுன சேலைய எப்பிடிங்க திருப்பிக் குடுக்குறது? புள்ளையத் தள்ளிவச்ச மாதிரியில்ல ஆயிரும்" என்று அம்மா அழ ஆரம்பித்தார்.

சாந்தினி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். "ஏம்மா திருப்பிக் குடுக்கணும்? அண்ணன் வாங்கித் தந்த சேலைய யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா?"

"எந்த அண்ணன்?"

"இந்தா நிக்கிறாரே. எனக்குத்தான் கூடப் பொறந்தவங்க இல்லியே. தங்கச்சி காலேஜ் போறான்னு சீர் கொண்டாந்திருக்காரு. அப்பிடித்தானே அண்ணே?"

அந்த 'அண்ணே' வலித்தது. கொஞ்ச நஞ்சமில்லை, நன்றாகவே வலித்தது. அரை மணி நேரம்கூட மாப்பிள்ளையாக இருக்கவில்லை, அதற்குள் அண்ணனாகிவிட்டேன். ஆனால் அவள் கண் என்னைக் கெஞ்சிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றேன், இந்தத் தடவை நல்ல முழிப்போடு.

"ஆமாங்க!" என்றார் யான் ஐயாவும்.

முருகையா வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கும் மானத்தோடு வெளியேற ஒரு வழி தேவைப்பட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: "அப்ப அண்ணன்காரன் சொல்லுங்க. தங்கச்சிய காலேஜுக்கு அனுப்பவா, கட்டிக் குடுக்கவா?"

"படிக்கட்டுங்க. முடிச்சிட்டு வரட்டும், மாப்பிள்ள நான் பாக்குறேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே உருப்படியான வாக்கியம் அதுதான். போட்ட குலவையை வீணாக்க வேண்டாம் என்று பெண்கள் இன்னொரு தடவை போட்டார்கள். அதற்குப் பிறகுதான் அடுப்பில் ரொட்டிக்கல் ஏறியது.

ஒல்லாந்து நண்பர்கள் உண்மையாகவே வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் 'அந்தச் சடங்கு' தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டதால் தொழிலைச் சீக்கிரமே மூடிவிட்டேன். அண்ணன் உத்தியோகத்தை மட்டும் மூட முடியவில்லை. தீபாவளிக்குச் சேலை, பொங்கலுக்குச் சீர் என்று வருசம் தவறாமல் போகிறது. மாப்பிள்ளை பார்க்கிற வேலையை அவள் எனக்கு மிச்சம் வைக்கவில்லை. கொஸ்லந்தயில் ஒரு வாத்தியாரைத் தானே பார்த்துவிட்டு, "அண்ணே, அப்பாகிட்ட நீங்கதான் பேசணும்" என்றாள். பேசினேன். நொந்துகொண்டேதான் பேசினேன்.

போன மாதம் அவளுடைய மகளுக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காது குத்தினார்கள். குழந்தை என் மடியில். பக்கத்தில் என் மனைவி ஸ்டெல்லா.

"தாய்மாமன் பேரு?" என்று கேட்டார் பூசாரி.

"அந்தோனி" என்றேன்.

பூசாரி குங்குமத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "கூடப் பொறந்தவரா?"

முருகையா பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "இல்ல சாமி, இவரு பொண்ணு கேட்டு வந்த தாய்மாமன்."

சாந்தினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தது ஸ்டெல்லாதான். எனக்கும் அடக்க முடியவில்லை. மடி இப்படிக் குலுங்கினால் காதில் எப்படி ஊசி வைப்பது என்று ஆசாரி கோபித்துக்கொண்டார்.